பாட்டிக்கும் பேரனுக்கும் முந்திரி ஆகவில்லை: மா, பலா, பிஸ்தா எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி கேட்டவர் விரிவாக எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மா பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கம் பல வருஷமாக முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பும் கொப்புளமும் வந்து வந்து போகின்றன. போன சித்திரையில் ஒரு மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து வாயைச் சுற்றித் தடித்து நீர் கோத்துவிட்டது. கேட்டவர் குடியிருப்பது புதுச்சேரியில். அவருடைய நான்கு வயது மகன் ஒரு கல்யாண வீட்டில் முந்திரி போட்ட பாயசம் குடித்தான். கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் காணாக்கடி, உதடு வீக்கம், வாந்தி. "பாட்டிக்கு இருந்தது பேரனுக்கு இறங்கிவிட்டது. முந்திரி, மா, பலா, பிஸ்தா, வேர்க்கடலை எல்லாம் ஒரே இனம், வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்" என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா என்பதுதான் கேள்வி.

இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி இது: ஒரு செடி ஒத்துக்கொள்ளாதவருக்கு அதன் உறவுச் செடிகளும் ஒத்துக்கொள்ளாதா? சில சமயம் ஆம். ஆனால் இந்த வீட்டில் அதற்கு முன்னால் வேறொன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டிக்கும் பேரனுக்கும் வந்திருப்பது ஒரே நோய் இல்லை. இருவருக்கும் பகை முந்திரிதான், ஆனால் அதன் வெவ்வேறு பாகங்கள். உடம்புக்குள் நடப்பதும் வேறு. அதனால் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலும் வேறு. கிட்டத்தட்டத் தலைகீழ் என்றே சொல்லலாம். நான் கடலூரில் தோல் மருத்துவம் பார்ப்பவன். கொட்டை உடைக்கும் சீசனில் இந்தக் கைகளைப் பார்க்காத வாரம் இருக்காது, அதனால் பாட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டை உடைத்துப் பார்த்தால் வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே தேன்கூடு மாதிரி சிறு சிறு அறைகள் தெரியும். அவற்றில் கறுத்த, பிசுபிசுப்பான எண்ணெய் நிற்கும். பச்சை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம், கூடவே கார்டால். வறுக்கும்போது அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறிவிடும்; கார்டால் அப்படியே தங்கும். அதனால் வறுத்த கொட்டைதானே, ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தவறு. இந்த எண்ணெய் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஒன்று, யார் தோலானாலும் சுடும். அது வெறும் காரப் புண். இன்னொன்று, சிலருடைய தோலில் நுழைந்து, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, உடம்பின் காவல் அணுக்களைப் பழக்கிவிடும். முதல் தடவை பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். பழகிய பிறகு எப்போது பட்டாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அரிப்பு, தடிப்பு, கொப்புளம். உங்கள் அம்மாவுக்கு மாம்பழம் சாப்பிட்ட அன்றே வராமல் இரண்டு நாள் கழித்து வந்தது இதனால்தான்.

கையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துக் காய்த்துப்போய், நகத்தைச் சுற்றி உரிந்திருக்கும். அது எண்ணெய் சுட்டது. அலர்ஜி அந்தக் காய்த்த இடத்தில் அவ்வளவாக வராது. விரல்களின் மேற்புறம், இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம் என்று தோல் மெலிந்த இடங்களில் வரும். வேர்வையைத் துடைத்த நெற்றியிலும் கண் இமையிலும் வரும். கொப்புளத்து நீர் பட்டுத்தான் பரவுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நீரில் எண்ணெய் கிடையாது, அது பரப்பாது. பரப்புவது நகத்துக்குள் நிற்கும் பிசுக்கும், வீட்டுக்கு வந்தும் மாற்றாத புடவையும்தான்.

இப்போது உறவுக்கு வருகிறேன். முந்திரியும் மாவும் ஒரே தாவரக் குடும்பம். சேங்கொட்டை, பிஸ்தா, பாசுந்தியில் தூவும் சாரப்பருப்பு, வேலியோரத்து ஒதிய மரம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். வட அமெரிக்காவில் தொட்டால் கொப்புளம் கிளப்பும் பாய்சன் ஐவி என்ற கொடியும், ஜப்பானியர் அரக்குப் பூச்சு எடுக்கும் மரமும் இதே வம்சம். இவற்றில் பலவற்றின் பாலில் ஓடுவது ஒரே சாயலுள்ள மூலக்கூறு: ஒரு பென்சீன் வளையம், அதன் பின்னால் நீண்ட கார்பன் சங்கிலி. முந்திரி ஓட்டெண்ணெயில் அந்தச் சங்கிலி 15 கார்பன் நீளம். மாங்காய்ப் பாலில் 17. தோலின் காவல் அணுக்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் செய்த குறும்புக்கு மற்றவன் அடி வாங்குவது போல, முந்திரி பழக்கிய கோபம் மாந்தோலின் மேல் பாய்கிறது. மருத்துவத்தில் இதைத்தான் கிராஸ் ரியாக்‌ஷன் என்கிறோம்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. இஸ்ரேலில் மாந்தோப்பு வேலைக்கு வந்த அமெரிக்க இளைஞர்களுக்குக் கொப்புளம் கிளம்பியது. அதே மரங்களில் பறித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்கர்கள் ஊரில் இருந்தபோதே பாய்சன் ஐவி வகைச் செடிகளிடம் பழகிவிட்டு வந்தவர்கள். மாமரம் அவர்களுக்குப் புதிது, மாம்பாலில் இருந்த மூலக்கூறு புதிதில்லை. நம் பக்கத்தில் அந்தக் கொடி கிடையாது. அதன் வேலையை இங்கே முந்திரி செய்கிறது.

சேங்கொட்டை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சலவைத் தொழிலாளிகள் துணியில் குறி போட்ட கறுப்பு மை இந்தக் கொட்டையின் சாறுதான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு, சலவைக் குறி கழுத்தில் பட்ட இடத்தில் அப்படியே புண் வந்து, அது மருத்துவ ஏடுகளில் பதிவானது. இப்போது அந்த மை பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை (அதே சேங்கொட்டைதான்) நெய், லேகியம் என்று உள்ளே சாப்பிடும் மருந்துகள் இருக்கின்றன. முந்திரி எண்ணெய்க்குத் தோல் பழகிய ஒருவர் அதைச் சாப்பிட்டால், கையில் மட்டும் இருந்தது உடம்பெங்கும் கிளம்பலாம். உங்கள் அம்மா மூட்டு வலிக்கோ வேறெதற்கோ சித்த வைத்தியரிடம் போனால், முந்திரி உடைக்கிற கை, கொப்புளம் வரும் என்று முதலிலேயே சொல்லட்டும். விஷயம் தெரிந்த வைத்தியர் உடனே புரிந்துகொள்வார்.

சரி, அம்மா முந்திரிப்பருப்பு சாப்பிடலாமா? சாப்பிடலாம். கெடுதல் செய்யும் எண்ணெய் ஓட்டில்தான் இருக்கிறது. சுத்தமாக உடைத்து, தோல் நீக்கிய பருப்பில் அது வராது. ஓட்டுத் துணுக்கு கலந்துவிட்டால் கதை வேறு. 1982-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மொசாம்பிக்கிலிருந்து வந்த முந்திரியைச் சாப்பிட்ட 54 பேருக்கு உடம்பில் அரிப்பும் தடிப்பும் வந்தன. சில பொட்டலங்களில் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. அதனால் வேலை செய்யும் இடத்தில் உடைத்த சூட்டோடு, எண்ணெய்க் கையால் எடுத்து வாயில் போடும் பழக்கத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். பிஸ்தாப் பருப்பையும் நிறுத்த வேண்டியதில்லை. மாம்பழத்தில் குற்றவாளி தோலும் காம்புப் பாலும்தான். சதையில் அந்தப் பொருள் மிகக் குறைவு. வேறொருவர் கழுவித் தோல் சீவிக் கொடுத்த பழத்தைச் சாப்பிட்டு வாய் புண்ணாகிறவர்கள் அபூர்வம். முந்திரி உடைக்கும் எல்லோருக்கும் மா ஒத்துக்கொள்ளாது என்றும் சொல்ல முடியாது. கை முழுக்கக் கொப்புளத்தோடு வருபவர் மாங்காயைத் தோலோடு உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுகொண்டிருப்பதும் உண்டு. யாருக்கு முந்திரியிலிருந்து மாவுக்குப் பாலம் விழும், யாருக்கு விழாது என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது. உங்கள் அம்மாவுக்கு விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேரன் விஷயம் இதைவிட அவசரமானது. அவனுக்கு வந்தது கால் மணி நேரத்தில். தோலோடு நிற்காமல் வயிற்றையும் தொட்டிருக்கிறது. இது ஓட்டு எண்ணெயின் வேலை இல்லை, பருப்பில் உள்ள புரதத்தின் வேலை. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைக் கண்டதும் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்கள் கொட்டி, காணாக்கடி, வீக்கம், வாந்தி, மோசமானால் மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவு என்று போகும். முந்திரியின் முக்கியமான புரதம் சூட்டுக்கும் வயிற்று அமிலத்துக்கும் அசையாத வகை. நெய்யில் வறுத்தாலும் பாலில் அரைத்தாலும் அது அதுவாகவே இருக்கும்.

இவனுக்குப் பிஸ்தா கூடவே கூடாது. முந்திரிப் புரதமும் பிஸ்தாப் புரதமும் அத்தனை நெருக்கம். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகப் பெரும்பாலோர் சோதனையில் பிஸ்தாவுக்கும் காட்டுவார்கள். குல்ஃபி, பிஸ்தா ஐஸ்கிரீம், மக்கரோன் எல்லாம் இதில் சேர்த்தி. புதுச்சேரியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பாணி உணவகங்களில் சாக்லேட் மேலும் சாலட் மேலும் ரோஜா நிறத்தில் குண்டு மிளகு தூவியிருப்பார்கள். பெயர்தான் மிளகு, குடும்பம் முந்திரியுடையது. முந்திரி அலர்ஜி உள்ளவர்களுக்கு அதனால் கடுமையான எதிர்வினை வந்த பதிவுகள் உண்டு. சாரப்பருப்பையும் சோதனை முடியும்வரை தள்ளி வையுங்கள். மாம்பழம்? இங்கேதான் பட்டியல் தலைகீழாகிறது. முந்திரிப்பருப்பு ஆகாத குழந்தைகளில் பெரும்பாலோர் மாம்பழச் சதையை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். உங்கள் பையன் இதற்கு முன் மாம்பழம் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் நிறுத்தாதீர்கள். பாட்டி சாப்பிடக்கூடிய பிஸ்தா பேரனுக்கு ஆகாது. பேரன் சாப்பிடக்கூடிய மாம்பழம், தோலோடு என்றால் பாட்டிக்கு ஆகாது.

பலாவுக்கு வருவோம். பண்ருட்டியில் முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் இரண்டும் உறவு என்ற எண்ணம் நம் ஊரில் பலருக்கு உண்டு. பலா, ஆல், அரசு, அத்தி வகையறா. முந்திரியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருவருமே சாப்பிடலாம். வேர்க்கடலை, பட்டாணி துவரை வகையறா. அதுவும் முந்திரிக்கு அந்நியம்தான். ஆனால் ஒரே குழந்தைக்கு முந்திரியும் வேர்க்கடலையும் தனித்தனியாக ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. அதற்குக் காரணம் செடிகளின் உறவு இல்லை, அந்தக் குழந்தையின் உடம்புவாகு. பாதாமுக்கும் இதேதான். இதுவரை சாப்பிட்டுப் பழகியதைத் தொடரலாம். புதிதாகக் கொடுப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உறவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் சறுக்கும். வேர்க்கடலை ஆகாதவர்களில் பெரும்பாலோர் துவரம்பருப்பு சாம்பாரையும் உளுந்து இட்லியையும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், இத்தனைக்கும் எல்லாம் ஒரே குடும்பம். ஒதிய மரமும் முந்திரி வம்சம்தான். அதைத் தொட்டுக் கொப்புளத்தோடு வந்தவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பார்கள், இந்தக் கணக்குக்கும் அது ஆகவில்லை. மறுபக்கம், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாத நர்ஸுகளில் சிலருக்கு வாழைப்பழமும் பப்பாளியும் வாயில் அரிக்கும். ரப்பர் மரத்துக்கும் வாழைக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை, பூஞ்சையை எதிர்க்கச் செடிகள் உண்டாக்கும் ஒரே மாதிரிப் புரதம்தான் பாலம். ஏற்காட்டில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் மரமும் முந்திரிக்கு அந்நியன், ஆனால் அதில் அதே சாயலுள்ள வளையமும் சங்கிலியும் இருப்பதால் அதன் தூளும் சில முந்திரிக் கைகளை உசுப்பிவிடும். தாவரக் குடும்பம் எங்கே தேட வேண்டும் என்று காட்டும்; தீர்ப்பு மூலக்கூறிடம்தான்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துவிடுகிறேன். முந்திரி ஓட்டெண்ணெய், மாந்தோல், சேங்கொட்டை மூன்றும் தோல் அலர்ஜியில் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது உறுதி. முந்திரிப்பருப்பும் பிஸ்தாவும் உணவு அலர்ஜியில் தொடர்புடையவை என்பதும் உறுதி. உங்கள் அம்மாவின் கையில் இப்போது இருப்பதில் எவ்வளவு அலர்ஜி, எவ்வளவு வெறும் காரப் புண், எவ்வளவு பூஞ்சை என்பதை எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. போட்டோ அனுப்பினாலும் முடியாது. நேரில் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் சந்தேகப் பொருளை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும். அது 48 மணி நேரம் ஒட்டியிருக்கும்; பிறகு ஓரிரு நாள் கழித்தும் ஒருமுறை பார்ப்பார்கள். பச்சை ஓட்டெண்ணெயைத் தோலில் தடவி வீட்டிலேயே பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், யாருக்குத் தடவினாலும் வேகும். பையனுக்கு வேண்டியது தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்ட் அல்லது ரத்தத்தில் முந்திரிக்கான ஐஜிஇ. பிரிக் டெஸ்ட் என்றால் சில நாள் முன்பே சிட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்று செய்பவர்கள் சொல்வார்கள். இருநூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் பார்த்துத் தருகிறோம் என்று விற்கும் ஐஜிஜி (ஐஜிஇ இல்லை, வேறொரு எதிர்ப்பொருள்) பேனல்களில் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவை நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்று காட்டுமே தவிர எது ஆகாது என்று காட்டாது.

பாட்டியிடமிருந்து பேரனுக்கு இறங்கியதா என்றால், இல்லை. பாட்டியுடையது தோலில் எண்ணெய் பட்டுப் பட்டுச் சேர்ந்தது. அது ரத்தத்தில் இறங்குவதில்லை. ஆஸ்துமா, மூக்கில் நீர் ஒழுகுவது, குழந்தைப் பருவக் கரப்பான் இவை இருக்கும் குடும்பங்களில் பேரனுடைய வகை அலர்ஜி அதிகம். அந்தக் கோணத்தில் பையனின் அப்பா வீடு, அம்மா வீடு இரண்டையும் விசாரித்துப் பாருங்கள்.

பையனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் தடவை வாந்தியோடு முடிந்தது என்பதால் அடுத்த தடவையும் அப்படியே முடியும் என்று எண்ணாதீர்கள். குரல் மாறினால், மூச்சு இழுத்தால், துவண்டு விழுந்தால், படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சுக்குத் தவித்தால் உட்கார்ந்தபடி இருக்கட்டும். அந்த நேரத்து மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. சிட்ரிசின் அரிப்பைத்தான் அடக்கும், மூச்சைக் காப்பாற்றாது. ஓட்டல் குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றுவது கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் எழுத்தில் கொடுங்கள்.

அம்மாவை வேலையை விடச் சொல்வது எனக்குச் சுலபம். அந்த வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது. உடைக்கும் மேசையிலிருந்து தோல் உரிப்பதற்கோ தரம் பிரிப்பதற்கோ மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம், அங்கே எண்ணெய் குறைவு. முடியாவிட்டால் உள்ளே பருத்தி, மேலே நைட்ரில் அல்லது தடித்த பிளாஸ்டிக் கையுறை. மெல்லிய ரப்பர் உறை போதாது. வெறும் துணி உறை எண்ணெயை உறிஞ்சிக் கையோடு வைத்துக் கட்டிவிடும். சாம்பலும் விளக்கெண்ணெயும் பூசிக்கொள்ளும் பழக்கம் பிசுக்கு ஒட்டாமலிருக்க ஓரளவு உதவும், பழகிய தோலைக் காப்பாற்றாது. எண்ணெய் பட்டால் சில நிமிடங்களுக்குள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மாலையில் சேர்த்துக் கழுவினால் பயனில்லை. கொப்புளத்தின் மேல் சுண்ணாம்பு வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இரண்டு நாளில் அடக்கும், மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து எண்ணெய் இன்னும் சுலபமாக இறங்கும்.

வாசல் மாமரத்தை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நிழலில் உட்காருவதால் ஒன்றும் ஆகாது. பறிப்பது, கிளை கழிப்பது இரண்டையும் வேறு யாராவது செய்யட்டும். கழித்த கிளையை வீட்டருகே எரிக்க வேண்டாம். பறித்த காயைக் காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும், பிறகு கழுவி உள்ளே எடுங்கள். வடுமாங்காயும் ஆவக்காயும் தோலோடு போடுபவை, அவை அம்மாவுக்கு ஆகாது. மாங்காய் நறுக்கும் வேலையை இந்த வருஷம் நீங்கள் எடுத்துக்கொண்டு, தோல் சீவிய துண்டுகளில் அவருக்கென்று தனியாக ஒரு ஜாடி போட்டு வையுங்கள்.